சிவப்பாய்த் தெரிந்ததெல்லாம் காசமா?

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. நமது பழமொழிகளில் பெரும்பாலானவை மனிதனை மட்டந்தட்டி வைப்பதற்கே பயன்பட்டு வந்திருந்தாலும், இது ஒன்று மாத்திரம் எப்படியோ தப்பிப் பிழைத்து மனிதனுடைய அறிவுக்கு வேலை கொடுப்பதாக இருக்கிறது. ஆனால், இதை வாயால் சொல்லுகிறவர்களில் எத்தனை பேர் இதன்படி நடக்கிறார்கள்? பாமர மக்களை விட்டுவிடுவோம். படித்தவர்களும், பட்டம் பெற்றவர்களும், பூதக்கண்ணாடி வைத்துக் கொண்டிருப்பவர்களுங்கூட, கண்ணால் கண்டதை மாத்திரம் நம்பி ஒரு மனிதனுக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டி, மாதக்கணக்காய் மருந்து கொடுத்து விடுகிறார்கள் என்பதை எடுத்துக் காட்டவே இதை எழுதுகிறோம்.

விஷயம் காசநோயைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொல்ல வேண்டுமானால், காசநோய் என்று பெயர் வைக்கப்பட்டு, உண்மையில் காசநோயாய் இல்லாத ஒரு நோயைப் பற்றியது.

காசநோய்க்குக் காரணம் முன் ஜென்மப் பாவமென்றும், தலையெழுத்தென்றும், பரம்பரைச் சாபமென்றும் உலகமெங்கும் மக்கள் நம்பிக் கொண்டிருந்த காலத்தில், 1882ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 24ஆம் தேதி பெர்லின் நகரத்தில் ராபர்ட் காக் என்னும் வைத்தியர், "இந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமி, இதோ பாருங்கள்" என்று காட்டினார். அதற்குப் பின் சீல் என்பவரும் நீல்சன் என்பவரும் அக்கிருமியைச் சுலபமாகக் கண்டுபிடிக்க ஒரு சாயமுறையைத் திருத்தி அமைத்தார்கள். சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவி, பிறகு நீலச் சாயம் ஏற்றுவது அம்முறை. மற்றக் கிருமிகளெல்லாம் அமிலத்தில் சிவப்பை விட்டு விட்டு நீலமாகிவிடும். காசநோய்க் கிருமியோ சிவப்பை விடாமல் பிடித்துக் கொண்டிருக்கும். இது மகத்தான வேலை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. இதனால் உயிர் தப்பிய மக்களுக்குக் கணக்கில்லை.

ஆனால், காசநோய்க் கிருமி சிவப்பாய்த் தெரியும் என்பதிலிருந்து, சிவப்பாய்த் தெரிவதெல்லாம் காசநோய்க் கிருமிதான் என்று எப்படி ஏற்படும்? காக்கை கருப்பாயிருக்கிறது, அதனால் கருப்பாயிருப்பதெல்லாம் காக்கையாகிவிடுமா? சிறு பிள்ளைகூடச் சிரிக்கும். ஆனால் இந்தத் தப்புக் கணக்கு பல ஆஸ்பத்திரிகளில் இன்னமும் நடந்து கொண்டுதான் இருக்கிறது.

உண்மை என்னவென்றால், அமிலத்துக்கு அசையாமல் சிவப்பைப் பிடித்துக் கொள்ளும் குணம் காசக்கிருமி ஒன்றின் சொந்தச் சொத்தல்ல. மெழுகுபோன்ற மேலுறையையுடைய ஒரு பெரிய குடும்பத்தின் பொதுச் சொத்து. அக்குடும்பத்துக்கு 1896இல் மைக்கோபாக்டீரியம் என்று பெயர் வைத்தார்கள். காசநோய்க் கிருமி அதில் ஒன்று. குஷ்டநோய்க் கிருமி மற்றொன்று. இவைகளைத் தவிர இன்று 190க்கு மேற்பட்ட வேறு இனங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. அவை மண்ணிலும், தண்ணீரிலும், குழாய்களின் உட்புறத்தில் படியும் வழவழப்பிலும் வாழ்கின்றன. குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரினுக்குக்கூட அவை சுலபத்தில் சாவதில்லை. பெரும்பாலோருக்கு அவைகளால் ஒரு கெடுதியும் வருவதில்லை. ஆனால் முன்னமே காசத்தாலோ வேறு நோயாலோ நுரையீரல் கெட்டுப் போனவர்களுக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும், சரியாகச் சுத்தம் செய்யாத கருவியால் ரண சிகிச்சை செய்யப்பட்டவர்களுக்கும், சில சமயங்களில் வேறு காரணமொன்றும் தெரியாதவர்களுக்குங்கூட அவை நோயை உண்டாக்கி விடுகின்றன.

இவைகளுக்கு வைத்தியர்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர் "காசமல்லாத மைக்கோபாக்டீரியம்" என்பதாகும். இந்தப் பெயரைச் சற்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்தவனை "நீ யார்?" என்று கேட்டால், "நான் முனுசாமி அல்ல" என்று அவன் பதில் சொன்னால் அது பதிலாகுமா? யாரல்ல என்று தெரிந்ததே தவிர, யார் என்று தெரியவில்லையே! நூற்றுத் தொண்ணூறு இனங்களையும் "அல்லாதார்" என்கின்ற ஒரே பட்டியலில் அடைத்துவிட்டு, வேலை முடிந்ததென்று கையைக் கழுவிக் கொள்வதானது, காசம் என்று தப்பாய்ச் சொல்வதைவிடக் கொஞ்சம் மேல் என்று சொல்லலாமே ஒழிய, நோயாளிக்கு அதனால் முழுப் பலன் ஒன்றும் இல்லை.

ஏழை வீட்டில் இதன் பலன் என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஒரு நெசவாளிக் குடும்பத்தில் அறுபது வயதான ஓர் அம்மாள் இருக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். பல வருஷங்களுக்கு முன் காசம் வந்து குணமானவள். இப்போது மறுபடியும் இருமல், இளைப்பு, இரவில் ஜுரம். சளியைப் பார்த்தார்கள், சிவப்பாய்த் தெரிந்தது. "பழைய காசம் திரும்பிவிட்டது" என்று ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பூட்டால் என்கின்ற நான்கு மருந்துகளையும் கொடுத்தார்கள். மூன்று மாதமாயிற்று; ஆறு மாதமாயிற்று; சளியில் சிவப்பு போகவில்லை. உடனே என்ன சொல்லுவார்கள்? "நீ மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை" என்பார்கள். அவள் ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று அழுதாலும் யார் நம்புவார்கள்? எழுத்து வாசனை இல்லாதவள், கைத்தறிக்காரி, அவள் பேச்சு பேச்சாகுமா? சோதித்தவர்களின் தப்பு எப்பொழுதும் ஏழையின் தப்பாகத்தானே முடியும்!

அப்புறம் அந்தச் சளியிலுள்ள கிருமியை வளர்த்து மருந்துக்கு அடங்குகிறதா என்று பார்க்கிறார்கள். எந்த இனமென்று பாராமலேயே பார்க்கிறார்கள். ஐசோனியாசிட்டுக்கும் அடங்கவில்லை, ரிபாம்பிசினுக்கும் அடங்கவில்லை என்று தெரிகிறது. "ஆகா, இது மருந்துக்கு அடங்காத காசம்" என்று இன்னும் பெரிய பெயர் சூட்டி, இன்னும் கடுமையான மருந்துகளைத் தொடங்குகிறார்கள். காசமல்லாத இனங்களில் பல இயற்கையிலேயே அந்த மருந்துகளுக்கு அடங்காதவை என்ற சின்ன விஷயத்தை ஒருவரும் நினைப்பதில்லை. இது வெறும் கற்பனையல்ல. காசமல்லாத கிருமி, மருந்துக்கு அடங்காத காசமாகப் பதியப்படுவது வைத்திய உலகம் நன்றாய் அறிந்த தவறாகும். இதனால் அந்த அம்மாளுக்குக் கண் பார்வை மங்கலாம்; ஈரல் கெடலாம்; ஊசி மருந்தாயிருந்தால் காது கேளாமற் போகலாம். நோய் மாத்திரம் போகாது.

மருந்தின் கொடுமை இப்படியென்றால், பெயரின் கொடுமையோ இதற்கு மேல். காசம் என்றவுடன் அவளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய், திண்ணையில் ஒரு மூலை. பேரப்பிள்ளையைத் தூக்கக்கூடாது. வீட்டிலே கலியாணத்துக்கு ஒரு பெண் இருந்தால் வந்த சம்பந்தம் திரும்பிப் போகும். உண்மையான காசநோயாளியைக்கூட இப்படி ஒதுக்குவது மனிதத் தன்மையல்ல என்பது நமது அபிப்பிராயம். அப்படியிருக்க, பெரும்பாலும் மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொற்றாத ஒரு கிருமிக்காக ஒருத்தியைத் தீண்டத்தகாதவளாக்கி மூலையில் வைப்பதை என்னவென்று சொல்வது?

நிற்க, "பெயரில் என்ன இருக்கிறது? ஏதோ ஒரு மருந்து கொடுத்தால் ஏதோ ஒன்று கேட்காதா?" என்று சிலர் கேட்கலாம். கேட்காது என்பதற்கு மூன்று இனங்களை மாத்திரம் எடுத்துக் கொள்ளுவோம்.

ஒன்று கான்சாசி என்பது. 1953இல் அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்து நோயாளிகளிடம் கண்டு சொல்லப்பட்டது. இது ரிபாம்பிசினுக்கு நன்றாய் அடங்கக் கூடியது. ஆகவே காசமருந்துகளிலேயே சிலவற்றைச் சேர்த்துக் கொடுத்துக் குணப்படுத்தலாம். ஆனால் ரிபாம்பிசினுக்கு அடங்குகிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஏவியம் கூட்டம். இதற்கு முதுகெலும்பான மருந்து அசித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின். அதனோடு எத்தாம்பூட்டாலும் ரிபாம்பிசினும் சேர்ப்பது வழக்கம். காசத்தைப் போல ஆறு மாதத்தில் நிறுத்திவிட முடியாது. சளியில் கிருமி வளர்வது நின்ற பிறகும் பன்னிரண்டு மாதம் கொடுக்க வேண்டுமென்பது இன்றைய முறை. அசித்ரோமைசின் இல்லாத காசமருந்தைக் கொடுத்துக் கொண்டிருந்தால் முதுகெலும்பில்லாத உடம்பை நிறுத்தி வைக்கப் பார்ப்பது போலத்தான். அதை மாத்திரம் தனியாய்க் கொடுத்தாலோ கிருமி அதற்கு அடங்காததாய் மாறி, கையிலிருந்த ஒரே ஆயுதமும் போய்விடும்.

மூன்றாவது அப்செசஸ் என்பது. இதற்கு மேலே சொன்ன நான்கு காசமருந்துகளில் எதுவும் பயன்படாது. அமிக்காசின், இமிபெனம் முதலிய வேறு மருந்துகளைக் கூட்டிப் பல மாதம் போராட வேண்டும். இதன் கதை மிகவும் புத்தி புகட்டக் கூடியதாகையால் கொஞ்சம் விரிவாய்ச் சொல்லுகிறோம்.

இந்த அப்செசஸ் கிருமியைச் சோதனைச்சாலையில் கிளாரித்ரோமைசினோடு வைத்து மூன்றாம் நாள் பார்த்தால், "அடங்கிவிட்டது" என்று தோன்றும். சோதித்தவர் "இந்த மருந்து கேட்கும்" என்று எழுதிக் கொடுத்து விடலாம். அதே கிருமியைப் பதினான்காம் நாள் பார்த்தால் கொழுகொழுவென்று வளர்ந்து நிற்கும்! மூன்றாம் நாள் சாது. பதினான்காம் நாள் சண்டியர். காரணமென்ன? கிருமிக்குள்ளே புரதம் செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. மருந்து அதில் ஓரிடத்தில் போய் உட்கார்ந்து கொண்டு வேலையை நிறுத்துகிறது. இந்தக் கிருமியிடத்திலோ, மருந்தைக் கண்டபிறகு விழித்துக் கொண்டு, மருந்து உட்காரும் இடத்தையே மாற்றி அதை உட்காரவிடாமற் செய்யும் ஒரு ஜீன் இருக்கிறது. 2009இல் இது அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்களால் வெளிப்படுத்தப்பட்டது. அதனால்தான் இம்மருந்துக்குப் பதினான்கு நாள் வைத்துப் பார்க்க வேண்டுமென்று விதி செய்திருக்கிறார்கள்.

இதோடும் நிற்கவில்லை. அப்செசஸுக்குள்ளேயே அப்செசஸ், பொலெட்டி, மாசிலியன்ஸ் என்று மூன்று கிளைகள் உண்டு. முதல் இரண்டில் அந்த ஜீன் பொதுவாக வேலை செய்கிறது. மூன்றாவதான மாசிலியன்ஸில் அது குறைபட்டுப் போய்க் கிடக்கிறது; ஆகவே மாசிலியன்ஸ் வந்த நோயாளிக்கு அதே கிளாரித்ரோமைசின் பெரும்பாலும் நன்றாய் வேலை செய்யும். முதற்கிளையிலும் சிலவற்றில் அந்த ஜீனின் ஓரெழுத்து மாறியிருப்பதால் அது வேலை செய்வதில்லை. பூதக்கண்ணாடியில் எல்லாம் ஒரே சிவப்பு, குடும்பமும் ஒன்று, இனமும் ஒன்று, ஆனால் கிளை மாறினால் ஒருத்தி பிழைக்கும் வழியே மாறிவிடுகிறது. இப்படியிருக்க, "பெயரில் என்ன இருக்கிறது" என்பவர்களுக்கு நாம் சொல்லும் பதில், "ஒரு மனிதனின் நுரையீரல் இருக்கிறது" என்பதுதான்.

நம் ஆஸ்பத்திரிகளில் நுரையீரலைவிட்டு வேறோரிடத்திலும் இந்தக் கூத்து நடக்கிறது. வயிற்றில் சிறு துளை போட்டுக் கருவியை உள்ளே விட்டுச் செய்யும் ரண சிகிச்சை இப்போது சிறு ஊர்களிலும் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அக்கருவிகளைச் சரியாக நீராவியில் வேக வைக்காமல், ஒரு மருந்துத் தண்ணீரில் சிறிது நேரம் முக்கி எடுத்து, குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டால், அக்கிருமிகள் அதிலே ஒட்டிக் கொண்டு உள்ளே போய்விடுகின்றன. ஆறிப்போன தழும்பு சில வாரங்கள் கழித்துக் கட்டியாகி உடைகிறது. சாதாரணச் சீழ் மருந்துக்குக் கேட்பதில்லை. "உன் உடம்பு வாகு அப்படி" என்று நோயாளியிடம் சொல்லப்படும். வீட்டிலே திருஷ்டி கழிக்கப்படும். பிரேசில் தேசத்தில் 2004 முதல் 2008 வரையில் மாசிலியன்ஸ் கிருமி இப்படியே ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது. கருவிகளை முக்கும் அந்த மருந்துக்கே அது அசையாதிருந்தது என்று பின்னால் தெரிந்தது. கிருமியின் பெயரைக் கண்டுபிடித்தபடியால்தான் குற்றம் உடம்பிலா, விதியிலா, கருவியிலா என்று தெரிந்தது. பெயர் தெரியாவிட்டால் குற்றவாளி எப்பொழுதும் தப்பித்துக் கொள்வான்.

"இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி, நம்மூரில் இக்கிருமிகள் எங்கே இருக்கின்றன?" என்று கேட்பவர்களுக்குச் செங்கற்பட்டை நினைவூட்டுகிறோம். காசத்தைத் தடுக்கப் போடும் பி.சி.ஜி. ஊசி எவ்வளவு தூரம் பயன்படுகிறதென்று பார்க்க, 1968இல் தொடங்கி, செங்கற்பட்டு ஜில்லாவில் சுமார் 2,60,000 பேரை வைத்து ஒரு பெரும் சோதனை நடத்தப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. (குழந்தைகளுக்கு வரும் கொடிய காசத்தைத் தடுக்க அது உதவுவதால் இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது, அதை யாரும் தவறவிடக்கூடாது.) ஏன் தடுக்கவில்லை என்பதற்குக் கூறப்பட்ட காரணங்களில் முக்கியமானது, அப்பக்கத்து மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள காசமல்லாத கிருமிகள் மக்கள் உடம்பில் முன்னமே பழகியிருந்தன என்பதாகும். பின்னால் அப்பிரதேசத்து மண்ணிலும், நீரிலும், மக்கள் சளியிலும் தேடிப் பார்த்து அவை இருப்பதைக் கண்டும் காட்டினார்கள். அனுகூலமில்லாத முடிவையும் மறைக்காமல் ஊரறிய வெளியிட்ட அந்த ஆராய்ச்சிக்காரர்களை நாம் பாராட்டுகிறோம். அறிவுக்கு அடையாளம் அதுதான். ஆனால் நம் காலடி மண்ணிலே இருக்கிறதென்று இவ்வளவு காலத்துக்கு முன்பே தெரிந்த கிருமியை, நோயாளியின் சளியிலே தேடிப் பெயர் சொல்ல இன்னமும் எல்லா ஊரிலும் வசதியில்லை என்றால் அது யாருக்கு வெட்கம்?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். மூடநம்பிக்கை கோவிலில் மாத்திரம் இருப்பதல்ல. சோதனைச்சாலைக் காகிதத்திலும் இருக்கக் கூடும். ஒரு தடவை சளியில் இக்கிருமி வளர்ந்துவிட்டதென்பதற்காக உடனே வருஷக்கணக்கில் மருந்து கொடுப்பதும் தப்பே. வாய் கொப்பளித்த குழாய்த் தண்ணீரிலிருந்தும் அது வந்திருக்கலாம். ஆகையால் நோயின் குறிகளும் இருந்து, மார்புப் படத்திலும் அடையாளம் இருந்து, தனித்தனியாய் எடுத்த இரண்டு சளியிலாவது ஒரே கிருமி வளர்ந்தால்தான் நோயென்று கொள்ள வேண்டும் என்பதாகப் பெரிய வைத்திய சங்கங்கள் முறை வகுத்திருக்கின்றன. அதுபோலவே எல்லா மருந்துச் சோதனையும் நம்பத்தக்கதல்ல. ஏவியம் கூட்டத்துக்குக் கிளாரித்ரோமைசின், அமிக்காசின் ஆகியவைகளின் சோதனை நோயாளியின் குணத்தோடு ஒத்து வருகிறது. ரிபாம்பிசின், எத்தாம்பூட்டால் சோதனை அவ்வளவாக ஒத்து வருவதில்லை. சோதனைக்கும் சோதனை வேண்டும். எது உண்மை பேசும், எது பேசாது என்று தெரிந்து கேட்பதுதான் பகுத்தறிவே தவிர, அச்சடித்த காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக் கொள்வதல்ல.

படித்தவர்களின் மூடநம்பிக்கைக்கு இன்னொரு உதாரணமும் உண்டு. வயதான, மெலிந்த பெண்களுக்கு ஏவியம் கூட்டத்தால் ஒருவகை நுரையீரல் நோய் வருகிறது. 1992இல் அமெரிக்க வைத்தியர் இருவர், பெண்கள் நாகரிகத்துக்காக இருமலை அடக்கிக் கொள்வதால் இது வருகிறது போலும் என்று ஊகித்து, ஆஸ்கார் வைல்டின் நாடகத்தில் வரும் வின்டர்மியர் சீமாட்டியின் பெயரை அந்நோய்க்கு வைத்தார்கள். இருமலை அடக்கியதால்தான் வந்தது என்று யாரும் மெய்ப்பிக்கவில்லை. நாடகத்திலோ அச்சீமாட்டிக்கு இருமலே கிடையாது! ஆனாலும் பெயர் நிலைத்து விட்டது. நோய் வந்தாலும் பெண் அடக்கமாயிருந்ததால் வந்தது என்பது; அடங்காமல் இருந்தால் அதனால் வந்தது என்பது. எந்தத் தேசத்திலும் பழி பெண் தலையில்தான் போலும்.

இனி, "இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்கின்ற பழைய பல்லவியைப் பாடுவார்கள். முதல் படிக்குப் புதிதாய்ப் பணமே வேண்டாம். காசக்கிருமியின் ஜீனை மாத்திரம் தேடி இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லும் இயந்திரத்தை உலக சுகாதார ஸ்தாபனம் 2010இல் ஒப்புக் கொண்டது. அது இப்போது நம் ஜில்லாக்களில் இருக்கிறது. பூதக்கண்ணாடி "சிவப்பு இருக்கிறது" என்று சொல்லி, இயந்திரம் "காசக்கிருமி இல்லை" என்று சொன்னால், இரண்டில் ஒன்று பொய்யென்று தள்ளிவிடாமல், இரண்டும் மெய்யாயிருக்கக் கூடும் என்று ஏன் யோசிக்கக்கூடாது? அங்கேயே சந்தேகம் பிறக்க வேண்டும். வளர்த்த கிருமி காசமா அல்லவா என்று சொல்ல, கால் மணி நேரத்தில் கோடு காட்டும் சிறு அட்டை இருக்கிறது. இனத்தையும் கிளையையும் சொல்ல ஜீனைப் படிக்கும் முறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஊரிலும் இவை வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. இத்தனை ஜில்லாவுக்கு ஒன்று என்று வைத்து, சளியை அங்கே அனுப்பட்டும். ஒரு நோயாளிக்கு வருஷக்கணக்கில் கேளாத மருந்தைக் கொடுத்துப் பாழாக்குவதும் செலவுதானே?

ஆகவே நாம் கேட்பதெல்லாம் இவ்வளவுதான். சிவப்பைக் கண்டவுடன் முடிவு கட்டாமல், காசமா அல்லவா என்று முதலில் பார்க்க வேண்டும். காசமல்லவென்றால் எந்த இனம், எந்தக் கிளை என்று பெயர் சொல்ல வேண்டும். தோலிலும் புண்ணிலும் எடுத்ததானால், உடம்புச் சூட்டில் மாத்திரமன்றி 30 டிகிரிச் சூட்டிலும் வளர்க்க வேண்டும். சில இனங்கள் அதில்தான் நன்றாய் வளரும். எந்த மருந்துக்கு அடங்கும் என்பதைப் பார்க்க வேண்டிய நாள் வரையில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காகிதத்தை நோயாளி கையில் கொடுத்து, அவருக்கு விளங்கும் தமிழில் சொல்ல வேண்டும். காசத்துக்கு இலவசமாய் மருந்து கொடுக்கும் சர்க்கார், "உனக்குக் காசம் இல்லை, போய் வா" என்று இவரைக் கைவிடாமல் இதற்கும் கொடுக்க வேண்டும்.

நோயாளிகளாகிய தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது தற்கொலைக்குச் சமானம். ஆனால் மாதக்கணக்காய்ச் சாப்பிட்டும் குணமில்லையென்றால், "என் சளியில் இருக்கிற கிருமிக்குப் பெயர் என்ன? அது எந்த மருந்துக்கு அடங்கும்?" என்று டாக்டரைக் கேளுங்கள். பயப்பட வேண்டாம், கைகட்டி நின்று கேட்கவும் வேண்டாம். நல்ல டாக்டர் அந்தக் கேள்விக்காகச் சந்தோஷப்படுவார். கோபித்துக் கொள்ளுகிறவராயிருந்தால், அவருக்கும் அதற்கு விடை தெரியாது என்று தெரிந்து கொள்ளலாம். உடம்பு உங்களுடையது, அதற்குள் குடியிருப்பவன் யாரென்று கேட்க உங்களைவிட உரிமை உள்ளவர் வேறு யார்?